அரசியில்லா எறும்புக் குடிகள்

எறும்புப் புற்றை ஒரு நாடாகவும், அதனுள் வீற்றிருக்கும் பெரிய எறும்பை அரசியாகவும், வெளியே ஊர்ந்து திரியும் மற்றவற்றைக் குடிகளாகவும் வைத்துப் பேசுவது உலக வழக்கு. அரசி முட்டையிடும்; உழைப்பாளி எறும்புகள் இரை தேடும், புழுக்களை வளர்க்கும், புற்றைக் காக்கும். அரசியாக வளர்ந்தது சாகும் வரை அரசி; உழைப்பாளியாக வளர்ந்தது சாகும் வரை உழைப்பாளி. இவ்வாறே நாம் பள்ளியில் பயின்றோம். பெரும்பாலான எறும்பினங்களைப் பொறுத்தவரை இது உண்மையே. ஆயினும், பெயரிடப்பெற்றுள்ள 14,000க்கும் மேற்பட்ட எறும்பினங்களுள், அரசி என்னும் பிறவியே அற்றுப்போன இனங்களும் உள்ளன. அவற்றுள் ஒருவகை நம் நீலகிரிப் பகுதியிலும் வாழ்கிறது. அப்புற்றுகளில் முட்டையிடுவது யார், உழைப்பது யார் என்பதைப் பிறப்பு முடிவு செய்வதில்லை. பின் எதுதான் முடிவு செய்கிறது? இவ்வினாவை மனிதன் கேட்பதற்கு ஏன் இத்தனை நூற்றாண்டுகள் ஆயின? கேட்டபின் கிடைத்த விடைகள் யாவை? இவற்றைப் பற்றியே இன்று சிறிது சிந்திப்போம்.

முதலில் அரசி என்ற பெயரின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், தேன்கூட்டின் தலைமை ஈயை அரசன் என்று குறித்தார். அதனைத் தாய் என்று சொல்வாரும் உண்டு என்பது அவருக்குத் தெரியும். எனினும் ஆள்வது ஆணின் தொழில் என்று எண்ணிய உலகில் அரசன் என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அது வழங்கிற்று. 1609ஆம் ஆண்டில் சார்லஸ் பட்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார், பெண்ணரசு என்று பொருள்படும் தலைப்பிட்டுத் தேனீக்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தை நெடுங்காலம் ஆண்ட முதலாம் எலிசபெத் மறைந்து அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. மனிதர் தம் நாட்டில் கண்டதைத் தேன்கூட்டிலும் காண்பது எத்துணை இயல்பு என்பதற்கு இது ஒரு சான்று.

அரசன் அரசியானதற்கு உடற்கூற்றுச் சான்று தந்தவர் ஹாலந்து நாட்டு யான் ஸ்வாமர்டாம். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணைகொண்டு பூச்சிகளின் உடலை அறுத்துப் பார்ப்பதிலேயே தம் வாழ்நாளைக் கழித்தவர். தேன்கூட்டின் தலைவனை அறுத்தபோது உள்ளே அவர் கண்டது முட்டைகள் நிறைந்த சூலகம். 1680ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்; அவருடைய பெருநூல் 1737, 1738ஆம் ஆண்டுகளிலேதான் அச்சேறியது. எறும்பின் பக்கம் வந்தால், 1747இல் வில்லியம் கௌல்ட் என்பவர் ஆங்கில நாட்டு எறும்புகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். 1810இல் ஜெனிவாவைச் சேர்ந்த பியேர் ஹ்யூபர், அரசி எறும்பு சிறகுடன் பறந்து சென்று ஆணுடன் கூடிய பின் தன் சிறகுகளைத் தானே களைந்துவிட்டு மண்ணுக்குள் புகுவதை விரிவாக எழுதினார். இவ்வாறு அரசியின் அடையாளங்கள் உறுதிப்பட்டன: உடல் பெரிது, பிறக்கும்போது சிறகு உண்டு, வயிற்றில் பெரிய சூலகம் உண்டு, ஆணிடமிருந்து பெற்ற விந்தைப் பல ஆண்டுகள் காத்துவைக்கும் விந்துப்பையும் உண்டு. இவ்வடையாளங்கள் இல்லாத பெண் எறும்பு உழைப்பாளி எனப்பட்டது.

இங்கே ஓர் அடிப்படைச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1845ஆம் ஆண்டில் யோஹன் ஜீர்சோன் என்ற பாதிரியார், தேனீக்களில் ஆண் ஈக்கள் விந்து சேராத முட்டையிலிருந்தே தோன்றுகின்றன என்று அறிவித்தார். எறும்புக்கும் இது பொதுவாகப் பொருந்தும். விந்து சேர்ந்த முட்டை பெண்ணாகும். சேராத முட்டை ஆணாகும். ஆகவே கன்னியாகவே இருக்கும் உழைப்பாளி எறும்பு முட்டையிட நேர்ந்தாலும், அதன் மக்கள் ஆண்களாகவே இருப்பர். புற்றில் உழைப்பவை பெண்களே, ஆண்கள் உழைப்பதில்லை. பெண்மக்களைப் பெற வேண்டுமானால் ஆணுடன் கூடிய ஒரு தாய் வேண்டும். புற்றின் வாழ்வு முழுவதும் அந்த ஒரு தாயையே சார்ந்துள்ளது.

உழைப்பாளி எறும்பு தனக்கென்று மகப்பேறு இன்றிப் பிறர் மக்களுக்காக உழைத்து மடிவது டார்வினைப் பெரிதும் வருத்திய புதிராகும். 1859இல் வெளியிட்ட நூலில், தம் கொள்கை முழுவதையும் கவிழ்த்துவிடக் கூடியதாகத் தமக்கு முதலில் தோன்றிய இடர்ப்பாடு இதுவே என்று அவர் ஒப்புக்கொண்டார். சந்ததி இல்லாத ஓர் உயிரின் இயல்புகள் அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு செல்லும்? தேர்வு தனி உயிரின்மீது மட்டுமன்றிக் குடும்பத்தின்மீதும் செயற்படும் என்று அவர் விடை கூறினார். நூற்றைந்து ஆண்டுகளுக்குப் பின், 1964இல், வில்லியம் ஹாமில்டன் அவ்விடையைக் கணக்கிட்டு உரைத்தார்: உடன்பிறந்தாரை வளர்ப்பதும் தன் குருதியை வளர்ப்பதேயாகும் என்பது அவர் கணக்கின் சாரம். எனினும் இருவருக்கும் துணையாக நின்ற ஓர் உண்மை உண்டு. சாதாரண எறும்புகளில் உழைப்பாளிக்கு விந்துப்பை இல்லை, அல்லது அது பயன்படும் நிலையில் இல்லை. தாயாகும் வழி அதற்கு அடைபட்டுவிட்டது. வழியில்லாதவர் உழைப்பதில் வியப்பு குறைவு. வழியிருந்தும் உழைப்பவர் உளராயின் அன்றோ புதிர் முழுமை பெறும்? அத்தகைய எறும்புகளே அரசியில்லாக் குடிகள்.

அவை பெரும்பாலும் பொனெரா என்னும் எறும்புக் குலத்தையும் அதனை ஒத்த சில குலங்களையும் சேர்ந்தவை. இவை வேட்டையாடி வாழ்பவை, கொடுக்குடையவை, சிறு சிறு கூட்டங்களாக வாழ்பவை. இக்குலத்தில் அரசிக்கும் உழைப்பாளிக்கும் உருவ வேற்றுமை சிறிது. பல இனங்களில் உழைப்பாளிக்கும் செவ்வையான விந்துப்பை உண்டு. ஆராய்ச்சியாளர் இவற்றின் புற்றுகளைத் தோண்டும்போது அரசி அகப்படாவிட்டால், அது தோண்டும்போது தப்பியிருக்கும் என்று எண்ணுவதே இயல்பாக இருந்தது. இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்வது விஞ்ஞானத்தில் மிகக் கடினம். அதிலும், இருந்தே தீரவேண்டும் என்று எல்லோரும் நம்பும் ஒன்றை இல்லை என்று சொல்வது இன்னும் கடினம்.

முதல் வெளிச்சம் பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து வந்தது. அக்காலத்து எறும்பு நூலாருள் தலைசிறந்தவரான வில்லியம் மார்ட்டன் வீலரும் சாப்மன் என்பாரும் 1922இல் டயகாமா என்ற எறும்பின் மணத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆண் எறும்பு கூடியது சிறகுள்ள அரசியுடன் அன்று; உழைப்பாளியின் வடிவமே உடைய பெண்ணுடன். பின்னர் 1965இல் ஹாஸ்கின்ஸ், வெல்டன் என்ற இருவர், ஆஸ்திரேலியப் பகுதியில் வாழும் ரைட்டிடோபொனெரா எறும்புகளை ஆராய்ந்து, அரசியின்றியே உழைப்பாளிகளின் மக்கட்பேற்றால் வாழும் குடிகளைப் பற்றி விரிவாக எழுதினர். 1984இல் கிறிஸ்டியன் பீட்டர்ஸும் ராபின் குரூவும் தென்னாப்பிரிக்காவில் கறையான் வேட்டையாடும் ஆப்தால்மோபோன் என்ற எறும்பைப் பற்றி எழுதியபோது, ஆணுடன் கூடி முட்டையிடும் இத்தகைய உழைப்பாளிக்குத் தனிப்பெயர் ஒன்று வழக்கில் வந்தது. கேமர்கேட் என்பது அப்பெயர். மணம், உழைப்பாளி என்னும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து வில்லியம் பிரவுன் என்ற எறும்பு நூலார் அதனை அமைத்துக் கொடுத்தார். மணந்த உழைப்பாளி என்று நாம் அதனைத் தமிழில் கூறலாம். அரிஸ்டாட்டில் காலம் முதல் வந்த அரசமரபுச் சொற்களுக்குள் அடங்காத ஒரு பெயர் எறும்பு உலகிற்கு இவ்வாறு வாய்த்தது.

இவ்வினங்கள் அரசியை ஏன் இழந்தன என்ற கேள்வி இங்கு எழும். இவற்றின் முன்னோருக்கு அரசி இருந்தது. பின்னரே அது மறைந்தது. தனியே பறந்து சென்று, தனியே குழி தோண்டி, தனியே இரை தேடி முதற்பிள்ளைகளை வளர்ப்பது இவ்வேட்டை எறும்புகளின் அரசிக்கு ஆபத்து மிகுந்த முயற்சி. புற்றை விட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் அது உயிரைப் பணயம் வைக்கிறது. இதற்கு மாறாக, மணந்த உழைப்பாளி ஒன்று ஒரு கூட்டத்துடன் நடந்து சென்று வேறிடத்தில் குடியேறினால் ஆபத்து குறைவு. பாகப்பிரிவினை செய்துகொண்டு வேறு வீடு போகும் குடும்பம் போன்றது இது. பறக்க வேண்டாத பெண்ணுக்குச் சிறகும் பெரிய உடலும் வீண்செலவு. ஆகவே அரசியை வளர்ப்பது நின்றது. ஆண் மட்டும் இன்றும் சிறகுடன் பறந்து, வேற்றுப் புற்றை நாடிச் செல்கிறது. இவ்வசதிக்கு விலையும் உண்டு. நடந்து செல்லும் குடி நெடுந்தொலைவு பரவ இயலாது. அதனினும் பெரிய விலை, புற்றுக்குள் எழும் போட்டியாகும். எல்லோரும் தாயாகலாம் என்றால் யார் உழைப்பது? எல்லோரும் முட்டையிட்டு ஒருவரும் இரை தேடாவிட்டால் குடி அழியும். ஒவ்வோர் இனமும் இதற்குத் தனக்கென ஒரு தீர்வு கண்டுள்ளது.

மேற்சொன்ன ஆப்தால்மோபோனின் தீர்வு எளியது. அங்கே காலமே நடுவராக இருக்கிறது. ஆண்கள் வேற்றுப் புற்றுகளிலிருந்து வந்து நுழையும் பருவத்தில் எவை இளமையாக உள்ளனவோ அவை மணம் பெறுகின்றன. மணந்தவை புற்றுக்குள் தங்கி முட்டையிடுகின்றன. மணவாதவை வயது ஏற ஏற வெளியே சென்று கறையான் வேட்டையாடுகின்றன. ஒரே புற்றில் மணந்தவை பல இருக்கலாம். அவற்றுக்குள் கடும்போர் இல்லை. பிறந்த நாளும் ஆண் வந்த நாளும் பொருந்தியதா என்பதே ஓர் எறும்பின் வாழ்க்கையைத் தீர்மானித்துவிடுகிறது.

டயகாமாவின் தீர்வு இத்தகைய மென்மை உடையதன்று. தென்னிந்தியா, இலங்கை முதல் ஜப்பான், ஆஸ்திரேலியா வரை இக்குலம் பரவியுள்ளது. வரி வரியான மேல்தோல் உடைய கரிய எறும்பு அது. இந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளில் அதன் ஓரினம் புற்றின் வாயிலைச் சுற்றிப் பறவை இறகுகளைப் பரப்பி, அவற்றில் படியும் பனிநீரைச் சேகரிப்பதாக 1985இல் மார்க் மாஃபெட் என்பவர் எழுதினார். இக்குலத்தில் கூட்டுப்புழுக் கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் ஒவ்வோர் உழைப்பாளிக்கும், முன்சிறகு முளைத்திருக்க வேண்டிய இடத்தில், இரண்டு சிறிய மொட்டுகள் உண்டு. மறைந்துபோன சிறகின் எச்சம் என்று அவற்றைக் கருதுவர். அவற்றின்மேல் நுண்ணிய உணர்மயிர்கள் நிறைந்திருக்கின்றன. 1989இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஃபுகுமோட்டோவும் அவர் குழுவினரும் ஒருபுறமும், பீட்டர்ஸும் ஹிகாஷியும் மறுபுறமும், இம்மொட்டுகளின் பயனை வெளிப்படுத்தினர்.

புற்றில் மணந்த உழைப்பாளி ஒன்றே இருக்கும். புதிதாக ஓர் எறும்பு வெளிவந்தவுடன், அது இன்னும் உடல் இறுகாத நிலையிலேயே, அதன் மொட்டுகள் இரண்டும் கடித்து நீக்கப்படும். மொட்டிழந்த எறும்பு அன்று முதல் வேறு எறும்பாகிவிடுகிறது. அது ஆணை ஈர்ப்பதில்லை, மணம் பெறுவதில்லை, ஒடுங்கி நடந்து, வாழ்நாள் முழுதும் உழைக்கிறது. மொட்டிலிருந்து உள்ளே செல்லும் நரம்புகளும் நலிந்துபோவதை 1993இல் குரோனன்பெர்க்கும் பீட்டர்ஸும் காட்டினர். வெட்டுண்டது மீண்டும் முளைப்பதில்லை, வாழ்வும் திரும்புவதில்லை. மணந்த எறும்பு இறந்துவிட்டால், அதன்பின் முதலில் வெளிவரும் இளைய எறும்பு மொட்டிழக்காமல் தப்புகிறது. அது ஆணைப் பெற்று அடுத்த தாயாகிறது. தனக்குப்பின் வருவோரின் மொட்டுகளைத் தானே கடிக்கத் தொடங்குகிறது. வடிவிலும் வளர்ப்பிலும் எவ்வேறுபாடும் இன்றிப் பிறந்தவற்றுள் ஒன்று தாயாகவும் ஏனையவை உழைப்பாளியாகவும் பிரிவது சில நாழிகைச் செயலால் முடிந்துவிடுகிறது.

இனி நீலகிரிக்கு வருவோம். அங்கு வாழும் டயகாமா எறும்புகள், இலங்கையின் பெயரைத் தாங்கிய சிலோனென்ஸ் என்ற இனத்திற்கு மிக நெருங்கிய உறவுடையவை. ஆனால் இவற்றில் மொட்டைக் கடிக்கும் வழக்கம் இல்லை என்று 1992இல் பீட்டர்ஸும் உடன் ஆராய்ந்தோரும் அறிவித்தனர். எல்லா உழைப்பாளிகளும் மொட்டுகளுடனேயே வாழ்கின்றன. எனினும் மணந்து முட்டையிடுவது ஒன்றே. அது மற்றவற்றை மோதியும் அதட்டியும் அடக்கி வைக்கிறது. உறவினர் இருவரிடையே வழக்கம் ஏன் இவ்வாறு மாறுகிறது? கடிக்கும் குணம் இல்லையா, அல்லது கடிக்கத் தூண்டும் குறி இல்லையா? பெங்களூரில் ராகவேந்திர கடக்கர் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர் கூட்டுப்புழுக்களை ஒருவகைப் புற்றிலிருந்து மற்றொருவகைப் புற்றுக்கு மாற்றி வைத்துப் பார்த்தனர். கடித்தலைத் தூண்டும் குறி கடிபடும் எறும்பிடமிருந்தே எழுகிறது என்று 2004இல் அவர்கள் முடிவு கூறினர். கொடுமை என்று நாம் கருதுவது கடிப்பதன் மனத்தில் மட்டும் இல்லை. கடிபடுவதன் உடலிலும் அதற்கு ஒரு பங்கு இருக்கிறது. எறும்புக்கு மனிதக் குணங்களை ஏற்றிப் பேசுவோர் நினைவிற் கொள்ளத்தக்க முடிவு இது.

பிரேசில் நாட்டில் வாழும் டைனோபொனெரா, உலகின் மிகப் பெரிய எறும்புகளுள் ஒன்று. ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளம் அதற்கு உண்டு. அதன் புற்றில் எண்பது அளவில் எறும்புகள் வாழ்கின்றன. மணந்தது ஒன்றே முதலிடத்தில் இருக்கும். அதன்பின் இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று சில எறும்புகள் வரிசையில் காத்து நிற்கும். வரிசையில் நிற்பவை இளையவை, வெளியே செல்வதில்லை, வேலையும் மிகுதியாகச் செய்வதில்லை. உழைத்து உயிரிழந்தால் வாய்ப்பும் போய்விடும் அன்றோ? வரிசை நீண்டால் உழைப்போர் தொகை குறையும், புற்று நலியும். நெடுந்தொலைவு பின்னால் நிற்பதற்கோ முறை வரும் என்ற நம்பிக்கை இல்லை. அதற்குத் தன் தாயின் மக்களை வளர்ப்பதே மேலான வழி. ஆகவே வரிசை சில எறும்புகளோடு நின்றுவிடுகிறது என்று மோனினும் ராட்னீக்ஸும் 1999இல் விளக்கினர்.

இரண்டாமிடத்தில் நிற்பது பொறுமையிழந்து முதலிடத்தைப் பறிக்க முயல்வதும் உண்டு. அப்போது முதலெறும்பு அதனோடு கட்டிப் புரண்டு போரிடுவதில்லை. தன் கொடுக்கை அதன்மேல் தடவிச் சுரப்பி நீர் ஒன்றைப் பூசிவிடுகிறது. அந்த வாசனையை உணர்ந்த உழைப்பாளிகள் திரண்டு வந்து, பூசப்பட்ட எறும்பின் கால்களையும் உணர்கொம்புகளையும் பற்றி இழுத்து, அசையவொட்டாமல் நாட்கணக்கில் சிறைப்படுத்துகின்றன. அதன்பின் அது தன் இடத்தை இழக்கிறது. 2002இல் வெளியான இவ்வாராய்ச்சி நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. முதலெறும்பு தன் வலிமையால் மட்டும் ஆளவில்லை. தண்டனையை நிறைவேற்றுவோர் உழைப்பாளிகளே. முட்டையிடும் ஆற்றல் குன்றிய முதலெறும்பைக் காப்பதில் அவர்களுக்கு நன்மை இல்லை. அவர்கள் ஒத்துழைப்பு நீங்கினால் முதலிடமும் நீங்கிவிடும்.

தென்னிந்தியாவில் வாழும் மற்றோர் எறும்பின் கதை 1851இல் சென்னையில் தொடங்குகிறது. பறவை நூலால் புகழ்பெற்ற தாமஸ் ஜெர்டன், சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்தவர். அவர் தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றைச் சென்னை இலக்கிய விஞ்ஞானச் சஞ்சிகையில் வெளியிட்டார். அதில் நீண்ட தாடையும் பெரிய கண்களும் உடைய ஓர் எறும்புக்கு ஹார்பெக்னாதாஸ் சால்டேட்டர் என்று பெயர் சூட்டினார். பிற்பகுதிக்குத் துள்ளுவது என்று பொருள். இரையைப் பிடிக்கவும் பகையினின்று தப்பவும் அது துள்ளிப் பாய்கிறது. ஜெர்டன் கண்டது அதன் துள்ளலை. அதன் குடிவாழ்வு வெளிப்பட ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

இவ்வெறும்பு அரசியை முற்றும் இழந்ததன்று; இடைப்பட்ட நிலையில் உள்ளது. சிறகுள்ள அரசி தனியே சென்று புற்றைத் தொடங்குகிறது. அதன் புற்று, மழைவெள்ளம் புகாதபடி பல அறைகளாக அமைந்த அரிய வேலைப்பாடு. அரசி இறந்தபின் அத்தகைய வீட்டைக் கைவிடுவது பேரிழப்பு. எனவே அதன் பெண்மக்கள் தாயின் இடத்தை ஏற்று அவ்வீட்டிலேயே குடியைத் தொடர்கின்றன என்று பீட்டர்ஸும் ஹோல்டாப்லரும் 1995இல் விளக்கினர். தாயிடத்தை யார் ஏற்பது என்பதற்குப் போட்டி நடக்கிறது. இரண்டிரண்டு எறும்புகள் எதிரெதிரே நின்று, முன்னும் பின்னும் அசைந்து, உணர்கொம்புகளால் ஒன்றையொன்று சாட்டைபோல் அடித்துக்கொள்கின்றன. பல வாரங்கள் நீளும் இப்போட்டியின் முடிவில் சில எறும்புகள் வென்று முட்டையிடத் தொடங்குகின்றன. ஏனையவை வேலைக்குத் திரும்புகின்றன. இடம் பெற்றவை மிகுந்துவிட்டால், உழைப்பாளிகளே அவற்றுட் சிலவற்றைப் பற்றி அடக்கித் தொகையைக் குறைத்துவிடுகின்றன.

வென்ற எறும்பின் உடலில் நிகழும் மாற்றம் வியப்புக்குரியது. சில மாதங்களே வாழக்கூடிய உழைப்பாளி, தாயானபின் சில ஆண்டுகள் வாழ்கிறது. சூலகம் பன்மடங்கு பெருக்கிறது. மூளையோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. இருட்டறையில் முட்டையிடுவதற்கு, வேட்டைக்கு வேண்டிய அளவு மூளை வேண்டுவதில்லை போலும். இம்மாற்றம் மீளாததென்றே எண்ண இடமிருந்தது. 2021இல் கிளின்ட் பெனிக்கும் அவர் குழுவினரும் இத்தகைய தாய்களைச் சில வாரம் தனிமைப்படுத்திப் பின் புற்றில் விட்டனர். மற்றவை அவற்றைப் பிடித்து அடக்கின. இடமிழந்த அவை மீண்டும் உழைப்பாளிகளாயின, சூலகம் சுருங்கியது, மூளை முன்பிருந்த அளவுக்கு வளர்ந்தது. டயகாமாவில் மீளாத முடிவு. ஹார்பெக்னாதாஸில் மீளும் முடிவு. அரசியில்லா வாழ்வு ஒரே அச்சில் வார்த்ததன்று என்பது இதனால் விளங்கும்.

இப்பூசல்களுக்கெல்லாம் காரணம் எறும்புகள் தம்முள் குருதியால் சிறிது வேறுபட்டிருப்பதே என்றும், எல்லாம் ஒன்றாகவே இருந்துவிட்டால் சண்டையே இராது என்றும் ஒருவர் கருதலாம். இதனைச் சோதித்துப் பார்க்க இயற்கையே இடம் தந்துள்ளது. ஜப்பானில் வாழும் பிரிஸ்டோமிர்மெக்ஸ் என்ற எறும்பில் ஆண் துணையின்றியே பெண் பெண்ணைப் பெறுகிறது. இளமையில் எல்லாம் உள்ளிருந்து முட்டையிட்டு, முதுமையில் எல்லாம் வெளியே சென்று இரை தேடுகின்றன என்று சூஜி 1988இல் காட்டினார். ஒவ்வொன்றும் தன் வாழ்நாளில் இரு நிலைகளையும் கடப்பதால் இது மிக நேர்மையான பங்கீடு. ஆயினும் சில புற்றுகளில் முட்டை மட்டும் மிகுதியாக இட்டு, வேலை செய்யாமல் வாழும் ஒரு தனிக் கால்வழி கலந்திருப்பதை டோபாட்டாவும் சூஜியும் கண்டுபிடித்தனர். அது பெருகிய புற்று மெலிகிறது. பொதுச்சொத்தில் உண்டு பொதுவேலைக்கு வராதவர் எறும்பிலும் உளர்.

ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட ஊசெரியா பிரோயி என்ற கண்ணில்லா எறும்பும் இவ்வாறே ஆணின்றிப் பெருகுவது. அது தாயும் மகளும் நகல்போல் ஒத்திருக்கும் குடி. அக்குடி முழுவதும் ஒரே காலத்தில் முட்டையிடும். புழுக்கள் பொரித்தவுடன் எல்லாம் ஒருசேர முட்டையிடுவதை நிறுத்தி, வேட்டைக்கும் வளர்ப்புக்கும் திரும்பும். முட்டையிடுவதை நிறுத்தச் செய்வது புழுக்களே. காலம் தவறிச் சூலகம் வளர்ந்த எறும்பை மற்றவை தாக்கிக் கொன்றுவிடுவதை 2013இல் கண்டனர். 2018இல் யூகோ உல்ரிக்கும் டேனியல் குரோனோவரும் உடனிருந்தோரும், ஒரே வயதும் ஒரே குருதியும் உள்ள இவ்வெறும்புகளின் உடலில் வண்ணப் புள்ளிகள் இட்டு, ஒன்று முதல் பதினாறு வரை வெவ்வேறு தொகையில் வைத்து ஆராய்ந்தனர். தொகை பெருகப் பெருக, சில வெளியே மிகுதியாகச் செல்வதும் சில உள்ளே மிகுதியாகத் தங்குவதும் தாமாகவே தோன்றின. புழுக்களும் செழித்து வளர்ந்தன. பிறப்பில் எவ்வேற்றுமையும் இல்லாதவரிடையே, ஏவுவார் ஒருவரும் இல்லாமல், சேர்ந்து வாழ்வதனாலேயே வேலைப் பிரிவினை அரும்பியது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஒன்று புலப்படும். வேலைப் பிரிவினைக்கு அரசியே காரணம் என்று நெடுங்காலம் எண்ணினோம். அரசி மறைந்த இடத்திலும் பிரிவினை மறையவில்லை. பிறப்பு முடிவு செய்ததை அங்கே வயது, கடி, வரிசை, போட்டி, கூட்டத்தின் தண்டனை என்று ஏதேனும் ஒன்று ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக முடிவு செய்கிறது. அம்முடிவுக்குப் புற்று செலுத்தும் விலையும் கண்கூடு: காத்திருந்து சோம்பும் எறும்புகள், வாரக்கணக்கில் நீளும் போட்டிகள், சிறைகள், கொலைகள். பிறவியிலேயே அரசியை வளர்க்கும் இனங்கள் இவ்விலையின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிட்டன. இலட்சக்கணக்கில் பெருகி வாழும் பெருங்குடிகள் அவற்றிடையே எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இதைக் கொண்டு மனிதருக்கு எவ்வகை ஆட்சி சிறந்தது என்று வாதிடப் புகுவது பொருந்தாது. அரிஸ்டாட்டில் காலத்தார் தேன்கூட்டில் அரசனைக் கண்டதும் பட்லர் காலத்தார் அரசியைக் கண்டதும், தம் நாட்டைப் பூச்சியின்மேல் ஏற்றிப் பார்த்ததன் விளைவேயாகும். புற்றில் ஒவ்வோர் எறும்புக்கும் அடையாளமிட்டு, எது என்ன செய்கிறது என்று பொறுமையுடன் நாட்கணக்கில் எண்ணியவர்களுக்கே அரசியில்லாக் குடியின் ஒழுங்கு புலப்பட்டது. நம் நாட்டு வேலியோரங்களிலும் மலைச்சாரல்களிலும் அவ்வாறு எண்ணிப் பார்க்கப்படாத புற்றுகள் இன்னும் பல உள்ளன.